கோப்பைக்கு வாரிசு, கடனுக்கு யார்?

கால்பந்துக் கழகம் ஒன்று நொடித்துப்போனால் அதன் அடையாளம் பிழைக்குமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. நிறுவனம் கலைந்தால் கழகமும் முடிந்தது என்பது ஒன்று. ரசிகர்கள் இருக்கும்வரை கழகம் இருக்கிறது என்பது மற்றது. முதலாவதில் கறார் உண்டு, ஆனால் ஆட்டத்தைப் பற்றிய அறிவு குறைவு. இரண்டாவதில் ஆட்டத்தின் உயிர் உண்டு, ஆனால் அது எதையும் நிரூபிக்காமலே வென்றுவிடுகிறது. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் அணியின் கட்சிக்காரர்கள். நம் தருமபுரி மாவட்டத்துக்கென்று தொழில்முறை அணி கிடையாது. நமக்குப் பக்கத்துப் பெரிய அணி பெங்களூருவில் இருக்கிறது. ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வென்ற ஒரே தமிழ்நாட்டு அணி ஆடியது கோயம்புத்தூரில். தராசைக் கட்சி சேராமல் பிடிக்க இந்தத் தூரம் உதவும்.

அதிகம் வாதிடப்பட்ட வழக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். 2012 பிப்ரவரியில் அதன் நிறுவனம் நொடிப்பு நிர்வாகிகளின் கைக்குப் போனது. கடன்காரர்களோடு செய்ய முயன்ற உடன்பாட்டை ஜூனில் பிரிட்டிஷ் வரித்துறை நிராகரித்தது. பழைய நிறுவனம் கலைப்புக்குப் போக, சார்லஸ் கிரீன் தலைமையிலான குழு மைதானம் உள்ளிட்ட சொத்துகளை 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கிப் புதிய நிறுவனத்தில் வைத்தது. அணி நான்காம் அடுக்கில் தொடங்க வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க 49,118 பேர் திரண்டார்கள்.

கழகம் என்பது வாங்கவும் விற்கவும் கூடிய ஒரு பொருள், உடைமையாளர் மாறினாலும் அது தொடரும் என்று நிம்மோ ஸ்மித் பிரபு தலைமையில் ஸ்காட்லாந்து லீக் அமைத்த விசாரணைக் குழு கருதியது. இந்தக் கருத்தின் பலம், அந்த 49,118 பேரை அது விளக்குகிறது என்பது. புதிதாகப் பிறந்த ஓர் அணிக்கு நான்காம் அடுக்கில் அவ்வளவு கூட்டம் சேராது. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மற்ற கழகங்களுக்குச் சேர வேண்டிய கால்பந்துக் கடன்களைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வரித்துறையும் சில்லறைக் கடன்காரர்களும் பழைய நிறுவனத்தின் கலைப்புக் கணக்கிலேயே விடப்பட்டார்கள். அந்தக் கடன் பட்டியலில் முகத்தில் வண்ணம் தீட்டும் ஒருவருக்கு 40 பவுண்டு பாக்கி என்றொரு வரி உண்டு. 2021இல் ரேஞ்சர்ஸ் மீண்டும் சாம்பியன் ஆனபோது அது 55ஆவது பட்டம் என்று எண்ணப்பட்டது. முந்தைய 54 பட்டங்களும் கழகத்தோடு வந்தன, அந்த 40 பவுண்டு நிறுவனத்தோடு போயிற்று. அப்பன் நிலத்துக்கு வாரிசு என்று பட்டா கேட்பவன், அப்பன் வாங்கிய கைமாற்றுக்கு மட்டும் அந்நியன் ஆவதைப் போன்றது இது.

ஆகவே நான் கையில் எடுக்கும் அளவுகோல்கள் இரண்டு. முதலாவது, சுமை: பெருமையைக் கேட்கும் அமைப்பு பழைய கடப்பாட்டில் எவ்வளவைத் தோளில் ஏற்றது? இரண்டாவது, தாங்கி: நிறுவனத்துக்கு வெளியே நின்று, உரிமையாளரை எதிர்த்தும் பேசக்கூடிய ஓர் அமைப்பு அந்த அடையாளத்தை ஏந்தியிருந்ததா? கூட்டம் மட்டும் போதாது. கூட்டம் கலைந்துவிடும், அமைப்புக்கு முகவரி இருக்கும்.

ஃபிஃபாவின் 2019ஆம் ஆண்டு ஒழுங்கு விதித்தொகுப்பு முதல் அளவுகோலைத் தன் வழியில் சட்டமாக்கியிருக்கிறது. கடனைத் தராத கழகத்தின் 'விளையாட்டு வாரிசு' யார் என்று கண்டறிய அது சில அடையாளங்களைத் தருகிறது: தலைமையிடம், பெயர், சட்ட வடிவம், அணியின் நிறங்கள், வீரர்கள், பங்குதாரர்கள், ஆடும் போட்டியின் அடுக்கு. இவற்றில் போதுமானவை பொருந்தினால் பழைய கழகத்தின் கடன் புதியதன் தலையில் விழும். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு வீரனின் சம்பளத்தை ஏமாற்ற நினைப்பவர்களுக்கு எதிராக இது கூர்மையான கருவி. ஆனால் கடனை யார் சுமப்பது என்பதற்கே இது பதில் சொல்கிறது, பட்டத்தை யார் சுமப்பது என்பதற்கு அல்ல. 'ரசிகர்' என்ற சொல்லுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

அந்த இடைவெளியை விம்பிள்டன் நிரப்பியது. 2002 மே மாதம் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த குழு, கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற அனுமதி தந்தது. ரசிகர்கள் சில வாரங்களில் ஏஎஃப்சி விம்பிள்டனை நிறுவி, பொதுத் திடலில் வீரர்களைத் தேர்வுசெய்து, ஒன்பதாம் அடுக்கில் ஆடத் தொடங்கினார்கள். பழைய கழகம் 2003இல் நொடிப்பு நிர்வாகத்துக்குள் போய், இடம் மாறி, 2004இல் எம்கே டான்ஸ் ஆனது. பழைய கழகத்தின் சொத்துகளும் லீக்கில் இடமும் எம்கே டான்ஸுக்கே. ஆனாலும் 2007இல் அது விம்பிள்டனின் வரலாற்றுக்கான உரிமையைக் கைவிட்டு, 1988 எஃப்ஏ கோப்பையின் நகல் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களை விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. நிறுவனமே கழகம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. ரசிகர்களே கழகம் என்ற வாதத்துக்கோ இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த ரசிகர்கள் பதிவுசெய்த ஓர் அமைப்பாகி, உழைத்து ஏறி, 2011இல்தான் மீண்டும் லீக்குக்கு வந்தார்கள். அடையாளம் அவர்களுக்கு இலவசமாக வரவில்லை.

இத்தாலியின் ஃபியோரென்டினா இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் நிற்கிறது. 2002இல் நொடித்தபின் ஃப்ளோரென்சியா வியோலா என்ற பெயரில் நான்காம் அடுக்கில் ஆடி, மறு ஆண்டு பழைய பெயரையும் சின்னத்தையும் காசு கொடுத்து மீட்டது. பெயருக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட நேர்மை அதன் சிறப்பு. அடுத்த பருவத்தில் மூன்றாம் அடுக்கில் ஆடாமலே இரண்டாம் அடுக்கில் அமர்த்தப்பட்டது அதன் குறை. இதைத் தண்டனை பாதியில் தளர்த்தப்பட்ட வழக்கு என்பேன்.

இந்தியாவுக்கு வந்தால் கேள்வியின் வடிவமே மாறுகிறது. 2016 முதல் நொடிப்பு, திவால் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கழகங்களின் மரணமோ பெரும்பாலும் அந்த வாசலுக்கே போவதில்லை. அணி அறிவிப்போடு மூடப்படுகிறது, அல்லது உரிமம் கிடைக்காமல் காணாமல் போகிறது. மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்ற பக்வாராவின் ஜேசிடி 2011இல் கலைக்கப்பட்டது. இரண்டும் நாட்டின் சாம்பியன்களாக இருந்தவை. அவற்றின் பெயர் முதலாளி நிறுவனத்தின் பெயர். வேறு யாரும் அதை ஏந்த வழியே இல்லாததால் தாங்கி என்ற அளவுகோலில் அவை பிறக்கும்போதே தோற்றவை.

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) காலத்தில் அணிகள் உரிமமாகி, உரிமம் ஊர் மாறுகிறது. டெல்லி டைனமோஸ் 2019இல் ஒடிசா எஃப்சி ஆகி புவனேஸ்வருக்குப் போனது. அதே ஆண்டு எஃப்சி புனே சிட்டியின் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. 2022 மார்ச்சில் பட்டம் வென்ற ஹைதராபாத், சில ஆண்டுகளிலேயே பண நெருக்கடியில் சிக்கி, உரிமையாளர் மாறி, 2025இல் டெல்லிக்கு இடம்பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது. ஆட்டம் தொடர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. வீரர்களுக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் 2022 பட்டத்தை டெல்லியின் பட்டம் என்று கூசாமல் சொல்ல யாராலும் முடியாது.

எதிர்முனையில் கொல்கத்தாவின் மோகன் பகான். 1889இல் தொடங்கி, 1911இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐஎஃப்ஏ கேடயம் தூக்கிய கழகம். 2020இல் அதன் கால்பந்து நிறுவனத்தின் 80 சதவீதப் பங்கு ஏடிகே என்ற ஐஎஸ்எல் அணியை நடத்திய குழுமத்துக்குப் போனது, அணி 'ஏடிகே மோகன் பகான்' ஆனது. பச்சை–மெரூன் உடை தப்பித்தது, பெயர் தப்பவில்லை. ஏடிகேவை நீக்கு என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2023 மார்ச்சில் பட்டம் வென்ற இரவில் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 'சூப்பர் ஜயன்ட்' என்ற வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வெற்றி முழுமையல்ல. இருந்தாலும் பணம் போட்டவர் பெயர் விஷயத்தில் பின்வாங்கினார். உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் பழைய கழகம் அந்த நிறுவனத்துக்கு வெளியே உயிரோடு இருந்தது அதற்கு முக்கியக் காரணம்.

இப்போது நம் சென்னை சிட்டி. தன் தொடக்க ஆண்டாக 1946ஐக் காட்டிய கழகம் அது. தமிழ்நாடு அதை அறிந்தது 2016–17இல் ஐ-லீக்குக்கு வந்தபிறகு. மறு பருவம் சென்னைப் பெயரோடு கோவை நேரு விளையாட்டரங்கில் குடியேறியது. சாதனை பெரியது. 2019 மார்ச் 9, கடைசி நாள்: ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி பின்னால் காத்திருக்க, மினர்வா பஞ்சாபிடம் கோல் வாங்கிப் பின்தங்கிய அணி, பெட்ரோ மான்சியின் பெனால்ட்டியில் சமன் செய்து, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்களால் 3–1 என்று வென்றது. 43 புள்ளி, பட்டம். பயிற்சியாளர் அக்பர் நவாஸின் ஆட்டம், பந்தைக் கையாளும் ஒழுங்கில் அந்த லீக்கின் மற்ற அணிகளுக்குப் பாடமாக இருந்தது.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அந்த முதலீட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் பாசல் ரசிகர்கள். உரிம நிபந்தனைகள் நிறைவேறாத நிலையில், பட்டம் வென்ற மூன்று ஆண்டுக்குள், 2021–22 ஐ-லீகில் சென்னை சிட்டி இல்லை. பெயரை மீட்க ஏலம் கேட்டவர் இல்லை, கடைசி அடுக்கில் தொடங்கிய ரசிகர் அணியும் இல்லை. சுமையை ஏற்க வாரிசு வரவில்லை, தாங்கியோ முதலிலிருந்தே இல்லை. பட்டம் பதிவேட்டில் நிற்கிறது, கழகம் பிழைக்கவில்லை. கோவை மக்கள் அரங்குக்கு வந்தார்கள், கைதட்டினார்கள். உறுப்பினராகச் சேரும் வழியை யாரும் அவர்களுக்குத் திறந்துவைக்கவில்லை. குறை அவர்களுடையதல்ல, கழகம் கட்டப்பட்ட முறையுடையது.

தீர்ப்பு இது: நொடிப்பு ஒரு கழகத்தின் அடையாளத்தைக் கொல்வதில்லை, அது முன்பே இருந்ததா என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. விம்பிள்டனும் மோகன் பகானும் தேர்ச்சி பெறுகின்றன. ரேஞ்சர்ஸ் பிழைத்தது உண்மை. தீராத சில்லறைக் கடன்களால் அந்தத் தொடர்ச்சி மாசுள்ளது. ஃபியோரென்டினா சலுகை மதிப்பெண்ணில் தப்புகிறது. ஹைதராபாத்தும் சென்னை சிட்டியும் தோல்வி.

2025 ஆகஸ்டில், ஐஎஸ்எல் பருவம் நடக்குமா என்றே தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. ஆபத்து நம் ஓசூர் சாலையின் மறுமுனை வரை வந்த செய்தி அது. தருமபுரியிலோ சேலத்திலோ நாளை யாராவது அணி தொடங்கினால், அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வெளிநாட்டு வீரர் யார் என்பதல்ல, பெயரும் சின்னமும் யாரிடம் இருக்கும் என்பதே. அவை 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான உறுப்பினர் சங்கத்திடம் இருக்கட்டும். முதலீட்டாளரின் நிறுவனம் அவற்றை ஒப்பந்தத்தில் வாங்கி ஆடட்டும். சம்பள பாக்கி வைத்தால் ஒப்பந்தம் முறியும் என்று எழுதட்டும். இதற்குச் சம்மதிக்காத முதலாளி நல்ல அணியைத் தரக்கூடும். அவரிடமிருந்து கழகத்தை எதிர்பார்க்க முடியாது.