தன்மை ஒருமையில் ஒரு பகிடி

மனோர் பார்க்கின் அல்பனி றோட்டில் 1890 ஒக்ரோபர் முதலாம் திகதி பிறந்த ஸ்ரான்லி ஹொலவேயை எம்மவரில் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. ‘மை ஃபெயர் லேடி’ (1964) திரைப்படத்தில் குப்பைகாரன் டூலிட்டிலாக வந்து பாடுகிற மனிதர் என்று சொன்னால் சிலருக்கு முகம் ஞாபகம் வரலாம். ஆனால் அந்தப் படத்துக்கு முப்பது வருடங்களுக்கு முன்பே அவரை இங்கிலாந்து முழுவதும் தெரிந்த குரலாக்கியவை, தனியாளாக நின்று அவர் சொன்ன செய்யுள் பகிடிக் கதைகள். அவற்றில் ஒன்றில் சாம் ஸ்மோல் என்ற சாதாரணப் படைவீரனின் துவக்கை சார்ஜன்ற் தட்டி விழுத்திவிடுகிறான். தட்டினவனே எடுத்துத் தரட்டும் என்று சாம் நின்றுகொள்கிறான். அதிகாரிகள் படிப்படியாக மேலிருந்து இறங்கிவந்து கேட்கிறார்கள். கடைசியில் வெலிங்டன் பிரபுவே வந்து கேட்டபிறகுதான் துவக்கு நிலத்தைவிட்டு எழும்புகிறது. முதலாம் உலகப் போரில் சீருடை அணிந்திருந்த ஒருவர், அந்தப் போரில் பிள்ளைகளை இழந்த சனத்தின் முன்னால் சொன்ன பகிடி இது.

கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. லண்டன் ஓரத்துப் பையனான ஹொலவே இந்தக் கதைகளைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லவில்லை. வட இங்கிலாந்தின் தொழிலாளர் பேச்சை இரவல் வாங்கிச் சொன்னார். மேடையில் நின்றது ஒருவர், பேசியது இன்னொருவர்.

இன்று அதே வட்டாரத்தில் சேர்ச் றோட் முருகன் கோவிலும், ஹை ஸ்றீற் நோர்த்தின் நகைக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் எம்முடையவை. கோவில் இருக்கிறது, தமிழ்ப் பாடசாலை இருக்கிறது, நடன அரங்கேற்றத்துக்கு மண்டபம் இருக்கிறது. தமிழில் ஐந்து நிமிடம் தனியாக நின்று பகிடி சொல்லப் பழக விரும்பும் ஒரு இளைஞனுக்கோ பெண்ணுக்கோ ஒரு மூலையும் இல்லை. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் மேலே வாசிக்கத் தேவையில்லை. நான் அப்படி நினைக்கவில்லை.

‘எங்கடை சனத்துக்குப் பகிடி விளங்காது’ என்பது வழமையான விளக்கம். இதைவிடப் பிழையான பேச்சு வேறில்லை. சிவஞானசுந்தரத்தின் ‘சிரித்திரன்’ யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பத்திரிகை. சவாரித்தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் வைத்து அவர் எமது நடுத்தர வர்க்கத்தின் போலித்தனத்தை உரித்த அளவுக்கு எமது கனமான விமர்சகர்கள் எவரும் உரிக்கவில்லை. (சிற்றிதழ்க்காரர்களாகிய எங்களைப் பற்றி என்ன சொல்ல! இத்தனை வருட விவாதங்களில் ஒரு பக்கம் சிரிக்கக் கிடைத்திருந்தால் சந்தாவாவது ஒழுங்காக வந்திருக்கும்.) கூத்தில் அரசனுக்குக் கட்டியம் கூற வந்தவனே அரசனைக் கேலிசெய்துவிட்டுப் போவான். இசை நாடகத்தில் பபூன் வந்தால்தான் பின்வரிசை நித்திரையிலிருந்து எழும்பும்.

தனியாள் பகிடிக்கு எம்மிடம் மிக அண்மையான முன்னோடி கே.எஸ். பாலச்சந்திரன். 1944 இல் பிறந்து 2014 இல் ரொறொன்ரோவில் காலமானவர். ‘வாடைக்காற்று’ படமும் ‘தணியாத தாகம்’ வானொலி நாடகமும் அவரை அறியச் செய்தன என்றாலும், சனத்தின் வாயில் நிலைத்தது ‘அண்ணை றைற்’ தான். பஸ் நடத்துனர், ஏறுகிற பயணிகள், இறங்க மறுக்கிற பயணிகள் எல்லாம் ஒரே ஆள். அது கசற்றாக வந்து வீடுவீடாகப் போனது. அதன் நுட்பம் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. கோவிலுக்குள்ளும் கிணற்றடியிலும் சேர்ந்து நிற்க விடாத சமூகம் இ.போ.ச. பஸ்ஸுக்குள் நெரிபட்டே ஆகவேண்டும். அங்கே அதிகாரம் சாதியிடமோ படிப்பிடமோ இல்லை. ரிக்கற் கிழிக்கிறவனிடம் இருக்கிறது. அந்தச் சின்ன அதிகாரத்தின் அலட்டலைத்தான் நாம் சிரித்தோம்.

ஆனால் பாலச்சந்திரன் செய்தது தனிநடிப்பு. ஹொலவேயைப் போலவே அவரும் இன்னொருவராக மாறித்தான் பேசினார். ஸ்ராண்ட்-அப் கொமெடி என்று இன்று உலகம் சொல்வது வேறொரு பண்டம். அங்கே முகமூடி ‘நான்’ என்பதுதான். என் தகப்பன், என் கடன், என் கட்டில், என் பயம் என்று ஒருவர் தன் பெயரிலேயே பேசவேண்டும். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டியதில்லை. அதைச் சொல்கிற ‘நான்’ நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். எமது மேடைக்கு இந்தத் தன்மை ஒருமை பழக்கமில்லை. எம் பேச்சாளர் வாய் திறந்தால் ‘நாம்’, ‘எமது இனம்’, ‘எம் மக்கள்’. முப்பது வருட அரசியல் இந்தப் பன்மையை எமக்குப் பழக்கியது. அந்தப் பன்மைக்குள் நிற்காதவன் துரோகி என்றும் பழக்கியது.

எமது அகதி ஒருவர் தமிழில் ‘நான்’ என்று தொடங்கி அந்நியர் முன்னால் தன் கதையை முழுதாகச் சொன்ன முதல் இடம் எது? குரொய்டன் லூனர் ஹவுஸ் போன்ற ஒரு கட்டிடத்தின் விசாரணை அறை. எதிரே ஒரு அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எந்தத் திகதியில் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்தக் கையால் அடித்தார்கள். ஒரு திகதி மாறினால் நம்பகத்தன்மை போய்விடும். கூட்டிச் சொல்லக்கூடாது, குறைத்துச் சொல்லக்கூடாது, சிரிக்கவே கூடாது. பகிடிக்காரனின் தொழில் இதற்கு நேர்மாறு. ஒரு சம்பவத்தை ஐம்பது தரம் சொல்லி, ஒவ்வொரு தரமும் ஒன்றைக் கூட்டி, ஒன்றை மாற்றி, முடிவைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பான். தன் கதையை மாற்றினால் திருப்பி அனுப்பப்படலாம் என்று பயந்து வாழ்ந்த தலைமுறையிடம் போய், கதையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகு என்றால் எப்படி வரும்? நகைச்சுவை உணர்வின் குறைபாடென்று இதைச் சொல்வது அறியாமை.

ஆங்கிலத்தில் தொடங்குகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 1979 இல் சோஹோவில் ஆடை அவிழ்ப்பு நடன விடுதியொன்றின் மேலே ‘கொமெடி ஸ்ரோர்’ திறக்கப்பட்டபோது யாரும் ஏறலாம், சனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் சேமக்கலம் அடித்து இறக்கிவிடுவார்கள் என்ற ஏற்பாடு இருந்தது. இன்றும் தொடக்கக்காரனின் பாதை ஏறக்குறைய அதுவே. மதுச்சாலையின் மேல்மாடி, ஐந்து நிமிடம், சம்பளம் இல்லை. சில இடங்களில் ஒரு நண்பரைக் கூட்டிவந்தால்தான் மேடை. வந்திருப்பவர்களில் பாதிப்பேர் தங்கள் ஐந்து நிமிடத்துக்குக் காத்திருக்கும் மற்றத் தொடக்கக்காரர்கள். அவமானம்தான். ஆனால் அந்த அவமானம் அடுத்தநாள் காலையில் எவருடைய மாமிக்கும் தெரியவராது. அந்நியர் முன்னால் தோற்கும் உரிமை அங்கே கிடைக்கிறது.

எமது மண்டபத்தில் இது முடியாது. விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு நடனத்துக்கு நடுவில் ‘இப்போது உங்களைச் சிரிக்கவைக்க’ என்று அறிவிப்பாளர் சொல்கிற இடத்தில் எவனும் தோற்கமுடியாது. தோற்றாலும் கைதட்டுவார்கள், ஏனென்றால் அவன் யாரோ ஒருவருடைய மருமகன். தோற்கமுடியாத இடத்தில் எவனும் பழகுவதில்லை. அவன் கையில் எடுப்பது ஏற்கெனவே சிரிப்பு உறுதியான சரக்கை: குண்டு மனைவி, விஸ்கி குடிக்கிற சித்தப்பா, மட்டக்களப்புப் பேச்சு, மலையகப் பேச்சு. ‘அண்ணை றைற்’ நடத்துனரைப் பார்த்துச் சிரிக்கவைத்தது. இவை பஸ்ஸில் இருக்கக் கிடைக்காதவரைப் பார்த்துச் சிரிக்கவைக்கின்றன. சாதியைப் பற்றியோ, கோவில் நிர்வாகத்தைப் பற்றியோ, நிதி சேகரித்தவர்களைப் பற்றியோ ஒரு வரி இராது. சென்னையிலிருந்து அலெக்ஸாண்டர் பாபு போன்றவர்களின் நிகழ்ச்சிகளைப் பணம் கொடுத்துப் பார்த்துச் சிரிக்கும் எம்மவர், அவர் தன் ஊரையும் தன் வீட்டையும் பற்றிப் பேசுவதைப்போல நாமும் பேசலாமே என்று கேட்பதில்லை.

றொமேஷ் ரங்கநாதனின் பெயர் இந்த இடத்தில் வரவேண்டும். 1978 இல் குறோலியில் பிறந்து, தான் படித்த பாடசாலையிலேயே கணித ஆசிரியராக இருந்து, வேலை முடிந்த இரவுகளில் ஆங்கில அறைகளில் தொடங்கியவர். 2013 இல் எடின்பரோவில் புதுமுக விருதுக்கான இறுதிப் பட்டியலுக்கு வந்தார். ‘தமிழ் தெரியாதவன் எங்கடை ஆளா’ என்று எம் பெரியவர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். 2015 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ஏசியன் ப்ரொவகற்றர்’ தொடரில் அவர் எடுத்துக்கொண்ட பொருளே அதுதான். தாயார் சாந்தி மகனை வேர் தேட இலங்கைக்கு அனுப்புகிறார். சிரிப்பு மகனின் அறியாமையின்மேல் விழுகிறது. தன்னைப் பலியாக வைத்து ‘நான்’ என்று பேசுகிற நேர்மை அது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தாயார் திரையில் இருக்கும்போது திருப்பிப் பேசுகிறார், மகனை வெட்டிவிழுத்துகிறார். அவருடைய உச்சரிப்பு அவருடைய ஆயுதம். தாயார் இல்லாத மேடையில், பிரித்தானிய ஆசியப் பகிடிக்காரர் எவரும் பெற்றோரின் உச்சரிப்பை நடித்துக்காட்டும்போது, வெள்ளைச் சனம் நிறைந்த மண்டபம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது தெளிவில்லை. தாயையா, தாயைத் தெருவில் கேலிசெய்தவனையா? அந்தத் தாய்மார் முன்வரிசையில் இருக்கும் தமிழ் அறையில் இதே பகிடியைச் சொல்லிப் பார்த்தால்தான் அது தேறுமா என்று தெரியும். அந்த அறைதான் இல்லை.

பயத்தையும் மறைக்கவேண்டியதில்லை. 1994 மே முதலாம் திகதி பாரிஸில் சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டபின் எம் எழுத்தாளர்கள் வசனத்தை எழுதுமுன் எண்ணிப் பார்த்தார்கள். எழுத்துக்கே அப்படியென்றால், முகத்தைக் காட்டி மேடையில் சொல்லும் பகிடிக்கு? 2009 க்குப் பிறகு அந்தப் பயம் வடிவம் மாறியிருக்கிறது, போய்விடவில்லை. மறுபக்கத்தில், 2023 மே மாதம் கொழும்பில் நத்தாஷா எதிரிசூரிய பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்று விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டு, யூலை வரை மறியலில் வைக்கப்பட்டார். சிவில் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தை, ஒரு பெண்ணின் வாயை மூடப் பாவித்தார்கள். இதைவிடப் பெரிய பகிடியை எந்த மேடையிலும் கேட்கமுடியாது. மண்டபத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒளிப்பதிவு வெளியே போனபிறகுதான் வழக்கு வந்தது.

‘இவ்வளவு சாவுக்குப் பிறகு சிரிப்பதா’ என்று கேட்பவர்களுக்கு: மனோர் பார்க்கிலிருந்து ரொம்ஃபோர்ட் றோட்டால் போகும் 25 ஆம் இலக்க பஸ் ஸ்ற்றாட்ஃபோர்டுக்குப் போகிறது. அங்கே தியேட்டர் றோயலில் 1963 இல் ஜோன் லிற்றில்வூட்டின் குழு ‘ஓ, வட் எ லவ்லி வோர்!’ நாடகத்தை மேடையேற்றியது. முதலாம் உலகப் போரை, கடற்கரைக் கோமாளிகளின் வெள்ளை உடுப்பில் நடித்தார்கள். பின்னால் இறந்தவர்களின் தொகை எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது. தளபதிகளைப் பார்த்துத்தான் சனம் சிரித்தது, செத்தவர்களைப் பார்த்து அல்ல. ஹொலவே இளமையில் உடுத்ததும் அதே கோமாளி உடுப்புத்தான். போர் முடிந்து நாடகம் வர நாற்பத்தைந்து வருடம் எடுத்தது என்று ஒருவர் எனக்குக் கணக்குச் சொன்னார். சாம் ஸ்மோலின் துவக்கு விழப் பத்துப் பன்னிரண்டு வருடமே எடுத்தது என்று நான் திருப்பிச் சொன்னேன்.

தேவையானது அதிகமில்லை. ஹை ஸ்றீற் நோர்த்தில் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி, மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வியாபாரம் மந்தமான இரவு. விளக்கு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கைத்தொலைபேசிகளை வாசலில் ஒரு வாளிக்குள் போட்டுவிடவேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம், தமிழில், ‘நான்’ என்று தொடங்கி. பெண்கள் முதலில். எவர் தோற்றாலும் கைதட்டக்கூடாது. சேமக்கலத்தை முருகன் கோவிலில் இரவல் கேட்டால் தரமாட்டார்கள், ஒன்று வாங்கவேண்டிவரும்.