யாருடைய 15 நிமிடம்?

திருச்சியில் வெளியாகும் வீட்டுமனை, அடுக்குமாடி விளம்பரங்களில் ஒரு வரி அநேகமாகத் தவறாது: ‘சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து 15 நிமிடம்.’ வயலூர் சாலையில் விற்கும் மனைக்கும் 15 நிமிடம், நெ.1 டோல்கேட் தாண்டி எழும்பும் குடியிருப்புக்கும் 15 நிமிடம். பஞ்சப்பூர் பக்கம் புதிதாகக் கல் நட்ட மனைப்பிரிவென்றால் சத்திரத்துக்குப் பதில் மத்திய பேருந்து நிலையம் என்று மாறும். நிமிடம் மாறாது.

இந்த நிமிடங்களை அளந்தவர் யார்? வீட்டு வாசலில் பைக்கைக் கிளப்பி, போகிற இடத்தின் வாசலில் நிறுத்தியவர். அவர் கணக்கில் நிறுத்தம் வரை நடந்த நேரம் இல்லை, நின்ற நேரம் இல்லை, கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிற்காமலே போன பஸ் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வழியில் மாமியாருக்கு மாத்திரை வாங்கி, அப்புறம் வேலைக்குப் போகிற பயணம் இல்லவே இல்லை. விளம்பரம் ‘நீங்கள்’ என்று விளிக்கும் ஆள், சொந்த வண்டி வைத்திருக்கும் ஓர் ஆண். மனைவி பின்னிருக்கையில் இருக்கிறார்.

விளம்பரம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் நகரத்தின் விளிம்பில் எத்தனை மாடி கட்டலாம் என்று முடிவுசெய்யும் அரசு விதியும் இதே ஆளை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்த மாநிலத்தில், ஒரு குடியிருப்புக்கு அனுமதி தரும்போது அங்கே எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

என்.எஸ்.பி. சாலைப் பக்கம் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் சொன்னார்: “ஏறிட்டா இருபது நிமிஷம்தான் அக்கா. ஏறுறதுக்குத்தான் ஒரு மணி நேரம்.” நகரத்தின் மேற்கு விளிம்பில் அவருக்கு வீடு. வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிவிட்டுச் சத்திரத்துக்கு நடந்து வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டின் இறுதியில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டிய சத்திரம் பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. கடையில் உட்கார உரிமை வந்தது, நிலையத்தில் கூரை வந்தது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் அப்படியே இருக்கிறது. அவர் வீட்டில் ‘வேலையை விட்டுடு’ என்ற பேச்சு வருவதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான். சம்பளத்தை வைத்தல்ல.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 40 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் தடத்தில், எப்போது வரும் என்று தெரியாமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 20 நிமிடம் நிற்கிறார். போக, வர 40 நிமிடம். மாதம் 25 வேலை நாள் என்றால் 1000 நிமிடம், அதாவது பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டு முழு வேலை நாள் சம்பளமில்லாமல் தெருவில் கரைகிறது. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் இதே கணக்கு சுமார் நாலு மணி நேரமாகச் சுருங்கிவிடும். வழியில் இறங்கி மருந்து வாங்கி மறுபடி ஏறினால் காத்திருப்பும் மறுபடி சேரும். பெண்களின் பயணம் பெரும்பாலும் இப்படி விட்டு விட்டுப் போகிற பயணம்தான். பராமரிப்பு வேலைகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பஸ் குறைவாக ஓடும் ஊரில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் தனித்தனியாகத் தண்டம் கட்டவேண்டும்.

2021 மே மாதம் ஆட்சிக்கு வந்தவுடன் தி.மு.க. அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. இன்று அதன் பெயர் விடியல் பயணம். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ‘ஓசி’ என்று இளக்காரம் பேசியவர்களுக்கு அந்த எண்ணே பதில். கணவரிடமோ மகனிடமோ கை நீட்டாமல் வீட்டை விட்டு இறங்க முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. நான் இந்தத் திட்டத்தின் பக்கம் நிற்பவள். அதனாலேயே அது எங்கே நின்றுவிடுகிறது என்று சொல்லவேண்டியிருக்கிறது. அது பயணத்தின் விலையை எடுத்துவிட்டது, காத்திருப்பின் விலையைத் தொடவில்லை.

திருச்சியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இங்கே நகரப் பேருந்துகளில் பெரும் பங்கு தனியாருடையது. கூட்டம் நிறைந்த தடங்களில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் மாறி மாறி வருகின்றன. அரசு பஸ்ஸில் கட்டணமில்லை, தனியாரில் உண்டு. நிறுத்தத்தில் நிற்கும் பெண் முன்னால் வந்த தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றால் இலவசம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிடும் என்று அவசரப்பட்டால் டிக்கெட். பெண்ணின் நேரத்துக்கு இந்த ஊரில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விலை வைத்திருக்கிறோம். வசதி குறைந்தவர் நேரத்தைக் கொடுக்கிறார், நேரம் குறைந்தவர் காசைக் கொடுக்கிறார். இரண்டும் குறைந்தவர்தான் பெரும்பாலும் அங்கே நிற்பவர்.

இதற்கும் வீடு கட்டும் விதிக்கும் என்ன தொடர்பு? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. ஒரு மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்கிறார்கள். உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்கு அது 2. உயரமான கட்டடங்களுக்கு 3.25. அதற்கு மேலும் கட்டவேண்டுமானால், வழிகாட்டி மதிப்பைக் கணக்கில் வைத்து ஒரு கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு கூடுதல்? எதிரே உள்ள சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ அகலம் என்றால் 50 விழுக்காடு. 12 முதல் 18 மீட்டர் வரை 40, 9 முதல் 12 மீட்டர் வரை 30.

இந்த வரிசையைப் பெண்ணாக இருந்து படித்துப் பாருங்கள். அடர்த்திக்குத் தகுதி சாலையின் அகலம். அந்தச் சாலையில் பஸ் ஓடுகிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கேள்வியே இல்லை. கட்டடத்துக்குள் எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதே விதிகள் துல்லியமாகச் சொல்கின்றன. காருக்கு வீட்டுக்குள்ளேயே இடம் ஒதுக்கிய சட்டம் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. தீயணைப்பு வண்டிக்குச் சாலை அகலம் வேண்டும், உண்மைதான். ஆனால் வாழ்க்கை தீ விபத்துகளால் மட்டும் ஆனதல்ல.

விளைவை விளிம்பில் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு 20 ஏக்கரில் 200 மனை என்று வைப்போம். பாதியை முதலீடு என்று வாங்கிப் போட்டுவிட்டார்கள், கருவேலம் முளைத்திருக்கிறது. மிச்சம் 100 வீடு. நூறு வீட்டுக்கு யாரும் அடிக்கடி பஸ் விடமாட்டார்கள். பஸ் இல்லாததால் எல்லார் வீட்டிலும் வண்டி வரும். வண்டி வந்தபின் பஸ்ஸுக்குக் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாததால் இருந்த நடையும் குறையும். கடைசியில் வண்டி ஓட்டத் தெரியாத பாட்டியும், வண்டி வாங்க முடியாத வீட்டு வேலைக்காரப் பெண்ணும், வண்டி தரப்படாத மகளும்தான் நிறுத்தத்தில் மிஞ்சுவார்கள். அதே 20 ஏக்கரில் மூன்று, நான்கு மாடியாக 600 குடும்பம் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது பேசக்கூடிய விஷயமாகிறது. அடர்த்தியைக் கேட்பதும் பஸ்ஸைக் கேட்பதும் ஒரே கோரிக்கைதான்.

ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்த ஏழைக் குடும்பங்களை விளிம்பில் அடுக்கடுக்காகக் குடிவைத்தார்கள். அடர்த்திக்குக் குறைவில்லை, பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. காலை ஆறு மணிக்கு அடுத்தவர் வீட்டு வாசல் தெளிக்கப் போகவேண்டிய பெண்கள் விடியும் முன்பே கிளம்பினார்கள். பலருக்கு அந்த வேலையே போயிற்று. வீட்டுக்கு ஒரு பட்டாவும் வேலைக்கு ஒரு பஸ்ஸும் சேர்ந்தால்தான் அது குடியமர்த்தல். பஸ் இல்லாத அடுக்குமாடி, பெண்ணை அடுக்கி வைத்த இடம்.

எதிர்ப்பக்கம் பார்க்க நாம் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகவேண்டாம், காவிரியைத் தாண்டினால் போதும். ஸ்ரீரங்கத்தில் கோயிலின் ஏழு பிரகாரங்களில் வெளிப் பிரகாரங்கள் குடியிருப்பு வீதிகள். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் தெரு என்று வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. காய்கறி, பால், மருந்துக்கடை, வைத்தியர், கோயில் எல்லாம் நடையில். வண்டி இல்லாத, கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் யாரையும் எதிர்பார்க்காமல் தன் நாளைத் தானே நடத்திக்கொள்ள இந்த நெருக்கம் இடம் கொடுக்கிறது. ஓய்வுபெற்றவர்களுக்கான அடுக்குமாடிகள் அம்மாமண்டபம் சாலையைச் சுற்றி எழும்புவதும் இதை விற்றுத்தான். இதைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடவும் முடியாது. யார் எந்த வீதியில் இருக்கலாம் என்பதைச் சாதி வகுத்த ஊர் இது. அந்த நெருக்கம் எல்லாருக்குமானதாக இருந்ததில்லை. இன்றும் அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் பலர் நடக்கும் தூரத்தில் வாடகை கொடுக்க முடியாமல் பஸ்ஸில் வருகிறார்கள்.

பாட்டிக்கும் அந்தத் தீவிலிருந்து வெளியே போக பஸ்தான் வேண்டும். காவிரிப் பாலத்தில் 2022 செப்டம்பரில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கி, 2023 மார்ச்சில் பாலம் திறக்கும் வரை பஸ்கள் புறவழிச்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. நேரம் கூடியது, நடை குறைந்தது. பாலம் எப்போது திறக்கும், போக்குவரத்து நெரிசல் எப்படி என்று ஊர் முழுக்கப் பேசினோம். நெரிசல் என்பது வண்டியில் இருப்பவரின் சொல். நிறுத்தத்தில் நின்றவரின் கஷ்டத்துக்கு நம்மிடம் சொல்லே இல்லை.

2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தது. மதுரை சாலையில், ஊரின் தெற்கு முனையில். வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன. நிலம் விலை ஏறுகிறது, மனைகள் விற்கின்றன, அந்தப் பக்கம் இனி ஊர் வளரும். அப்படியானால் இதுதான் சரியான தருணம். மனைப்பிரிவாக விரிந்து வண்டிக்காரர்களின் ஊராக அது ஆவதா, பஸ் நிறுத்தத்தைச் சுற்றி நெருங்கி வளர்வதா என்பது இந்த சில ஆண்டுகளில் முடிவாகிவிடும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் உள்தெருக்களுக்குப் போகும் என்கிறார்கள். ஆனால் அதுவும் தனியார், அதிலும் பெண்களுக்கு டிக்கெட் உண்டு. முதல் பஸ்ஸில் காசு, இரண்டாவதில் இலவசம் என்றால் சிக்கல் வாசலிலேயே தொடங்குகிறது.

வியன்னாவில் 1990-களில் நகர நிர்வாகம், பெண் கட்டடக் கலைஞர்களை வைத்து 357 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைக் கட்டியது. பெண்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து வரைபடம் தொடங்கியது. மழலையர் பள்ளியும் மருத்துவரும் வளாகத்திலேயே. பொதுப் போக்குவரத்து நடக்கும் தூரத்தில். நமக்கு அந்தக் கட்டடம் வேண்டாம், அந்தக் கேள்வி வரிசை வேண்டும்.

நான் கேட்பது இரண்டு. கூடுதல் தளப்பரப்புக்குச் சாலை அகலத்தோடு பஸ் நடையையும் தகுதியாக எழுதுங்கள்: காலையும் இரவும் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் சாலையில் அதிகம் கட்டலாம், வராத சாலையில் கூடாது. கூடுதல் மாடிக்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தச் சாலையில் ஓடும் அரசு பஸ்ஸுக்கே கொடுங்கள். பஸ் விடப் பணம் இல்லை, ஓட்டுநர் நடத்துநர் இல்லை என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பற்றாக்குறையை இப்போதும் யாரோ ஈடுகட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாதம் 1000 நிமிடம் வீதம், ரசீதில்லாமல்.

ஜவுளிக்கடைப் பெண்ணிடம் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். படிப்பு, வேறு வேலை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “வீட்டுக்குப் போயி கொஞ்ச நேரம் சும்மா உக்காருவேன்” என்றார்.