ஆபீஸ் ரூமுக்குக் கதவு எதற்கு?

வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். தனி அறை வேண்டும், அதற்குக் கதவு வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். படுக்கிற இடத்தில் லேப்டாப் கூடாது. மாலையில் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் வேலை வேறு, வீடு வேறு. இதையெல்லாம் நம்பி 2022ல் கொல்லிமலையில் எங்கள் வீட்டோடு ஒட்டி ஒரு அறை கட்டினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி. இந்தக் கட்டுரை அந்த அறையைப் பற்றிய விமர்சனம். பிளான் போட்டது நானே என்பதால் கொத்தனார் மேல் பழி போட வழியில்லை.

அறைக்கு முந்தைய கதையைச் சொன்னால்தான் அறையின் குறை புரியும். 2020ல் ஊரடங்கு வந்ததும் சென்னையிலிருந்து குடும்பத்தோடு மலைக்கு வந்துவிட்டோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சோளக்காடு தாண்டி உள்ளே போகிற ரோட்டில் வீடு. வீட்டில் டவர் கிடையாது. பத்து நிமிஷம் நடந்தால் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பாறை. அங்கேதான் சிக்னல். ஆன்லைன் வகுப்பு படிக்கிற காலேஜ் பிள்ளைகள், மிளகு விலை கேட்கிறவர்கள், நான், எல்லோரும் அந்தப் பாறையில்தான். எனக்கு மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிற வேலை. காலையில் போய் மெயிலை எல்லாம் இறக்கிக்கொண்டு, மீட்டிங் இருந்தால் அங்கேயே முடித்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவேன். சாயங்காலம் மறுபடி போய் அனுப்பிவிட்டு வருவேன். பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் இருக்கிறவர் முகமே தெரியாது. எல்லோரும் எழுந்து போய்விடுவோம். திரும்பி நடக்கிற பத்து நிமிஷத்தில் பாதி மறந்துபோயிருக்கும்.

அப்போது அது பெரிய தொல்லை என்றுதான் நினைத்தேன். தினமும் புலம்பியிருக்கிறேன்.

பிறகு வீட்டுக்கே ஃபைபர் வந்தது. அறையும் வந்தது. கிழக்கே ஜன்னல், தேக்குக் கதவு, சுழல் நாற்காலி, பின்னால் தெரிவதற்கென்றே ஒரு புத்தக அலமாரி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கதவுதான் சாத்தியிருக்கிறதே. அம்மா டீயைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார், அம்மை போட்டவனுக்கு வைக்கிற மாதிரி. ஒருநாள் மழையில் வாசல் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மத்தியானம் நான் சாப்பிட வெளியே வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். "கதவத் தட்டறதா வேண்டாமான்னு இருந்துச்சு கண்ணு, நீ பேசிட்டிருந்த" என்றார். நான் அப்போது பேசிக்கொண்டிருந்தது ஒரு மெனுவில் எந்த வார்த்தையைப் போடுவது என்பதைப் பற்றி.

அன்றைக்குத்தான் அந்த அறிவுரைகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கதவு, திரைச்சீலை, காதை அடைக்கிற ஹெட்போன், "வேலை நேரம்" என்று மாட்டுகிற பலகை. எல்லாமே வீட்டு ஆட்களுக்கு எதிரான ஏற்பாடு. வேலை என்பது பாதுகாக்க வேண்டிய ஒன்று, வீடு அதில் வந்து விழுகிற சத்தம் என்கிற கணக்கு. என் வீட்டில் எல்லை மீறி வந்தது அம்மா இல்லை. சுவரில் துளை போட்டு உள்ளே விட்ட கம்பி. அதன் வழியாக எந்த நேரமும் யார் வேண்டுமானாலும் வரலாம், தட்ட வேண்டியதே இல்லை. அந்தப் பக்கத்துக்கு நான் கதவு வைக்கவில்லை.

எழுத்தாளர்களின் குடிசைகளைப் படம் போட்டுக் காட்டுவதும் இந்தக் கட்டுரைகளின் வழக்கம். பெர்னார்ட் ஷா கட்டாயம் வருவார். இங்கிலாந்தில் அயோட் செயின்ட் லாரன்ஸ் என்ற கிராமத்தில், வெயிலுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்கிற சின்ன மரக்குடிசை அவருக்குத் தோட்டத்தின் கோடியில் இருந்தது. சுழல்வதைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பெயர். குடிசைக்கு லண்டன் என்று பெயர் வைத்திருந்தார். யாராவது தேடி வந்தால், அவர் லண்டன் போயிருக்கிறார் என்று வீட்டார் சொல்லிவிடலாம், பொய்யும் ஆகாது. அவருடைய வேலி வெளியாட்களுக்கு. அதைக் காவல் காத்தவர்கள் வீட்டு ஆட்கள். நான் அதைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன்.

கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1977ல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்வேஜ்' என்ற கட்டடக்கலைப் புத்தகத்தில் வீட்டுப் பட்டறைக்கென்று ஒரு பகுதி உண்டு. பட்டறை தெருவுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், போகிற வருகிறவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும் என்கிறது. படித்ததும் நம்ம திண்ணைதானே இது என்று குஷியாகிவிட்டேன். கொஞ்சம் யோசித்தால் குஷி நிற்காது. தச்சர் இழைப்பதைத் தெருவில் போகிறவர் நின்று பார்க்கலாம், ரெண்டு வார்த்தை பேசலாம். நான் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான் சினிமா பார்ப்பதாகத்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

வீட்டுக்குள்ளேயே தொழில் என்பது நமக்குப் புதுசு இல்லை என்று ஒரு பேச்சும் உண்டு. நானும் என் மனைவியிடம் அதைப் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. அவள் ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். குழித்தறி போட்ட வீடு. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற தறி. வீட்டில் பெரிய அறை எதுவோ அது தறிக்கு. மிச்சமிருக்கிற இடத்தில் மனிதர்கள் படுத்துக்கொள்வார்கள். "எங்கப்பாவுக்கு ஆபீஸ் ரூம் இல்லீங்க, நாங்கதான் ஆபீஸ்ல குடியிருந்தோம்" என்றாள்.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. எல்லா வேலையும் வீட்டுக்குள் நடக்கவில்லை. பாவு நீட்டிக் கஞ்சி போடுவது தெருவில் அல்லது பாவடியில். சேலம், ராசிபுரம் பக்கத்து நெசவாளர் ஊர்களில் அதற்கென்றே விட்ட பொது இடம் அது. விடியற்காலையில் நாலு பேர் சேர்ந்தால்தான் நடக்கும். மழை வந்தால் நடக்காது. வேலையில் ஒரு பகுதியை வானமும் அக்கம்பக்கமும் தீர்மானித்தன. சேலை முடிந்தால் தறியிலிருந்து அறுத்து எடுப்பார்கள், முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியும். எங்கள் பாறையில் பனிமூட்டம் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அடுத்த வளைவில் எங்கள் எல்லோருக்குமான ஒரு பாவடி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னபோதும் மனைவி முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா உலை கொதிக்கிற நேரத்தில் ராட்டையில் தார் சுற்றுவாராம். கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கு, அதை வாங்கி வருவது அப்பா. தார் சுற்றியதற்குத் தனியாகக் கணக்கு கிடையாது. "அம்மாவுக்கு எது வேலை, எது வீடுன்னு கேளுங்க பாப்போம்."

மலையிலும் இதே கதைதான். சாமையை உமி நீக்குவது பெண்கள் உரலில் குத்திச் செய்த வேலை, இடுப்பு ஒடிகிற வேலை. அதை யாரும் வேலைக் கணக்கில் வைத்ததில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டபோது விதையோடு நிறுத்தாமல் உமி நீக்குகிற மெஷினையும் கொண்டுவர வேண்டியிருந்தது இதனால்தான். விதைக்க ஆள் இருந்தாலும் குத்துவதற்குப் பெண்கள் தயாராக இல்லை என்றால் சாமை எப்படி சாப்பாட்டுக்கு வரும்? அந்த இடத்தை மரவள்ளி பிடித்துக்கொள்ளும்.

இனி என் அறையின் பெரிய தப்பு. என் மனைவியும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாள். மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போடுகிற வேலை, ஒரு நாளைக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. நான் போட்ட பிளானில் ஒரே ஒரு மேஜைதான். அவளுக்கு எங்கே என்று எனக்குத் தோன்றவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில், ஒரு கண் குக்கரில், ஒரு கண் ஸ்கிரீனில். வர்ஜீனியா வுல்ஃப் பெண்ணுக்கு வருஷம் 500 பவுண்டும் பூட்டுப் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்று எழுதியது 1929ல். என் அலமாரியில் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி நான் வைத்திருந்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்த ஜனவரியில் மாற்றினோம். அறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம், கிழக்கு வெயில் அவருக்குப் பிடித்திருக்கிறது. கதவு எப்போதும் திறந்தேதான் கிடக்கிறது. ரௌட்டரை எடுத்து வாசலுக்கு அந்தப் பக்கம், மாடு இல்லாமல் சும்மா கிடந்த கொட்டாயில் மாட்டினோம். நடுவில் தட்டி கட்டி ரெண்டு மேஜை, ஒரே அளவு. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வேலை செய்கிற போனும் அங்கேயே ஆணியில் தொங்கும். சமையலுக்கு நேரம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். என் முறை வருகிற நாட்களில் சோறு குழைகிறது.

கொட்டாயின் வைஃபை வீட்டுக்குள் வருவதில்லை, ஆனால் திண்ணையின் தென்கோடியில் ஒரு கோடு கிடைக்கிறது என்று போன வாரம் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கொட்டாயிலிருந்து அந்தப் போனை எடுத்துவந்து நின்றுகொண்டிருந்தேன். "என்னங்க, காத்து வாங்கறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ரௌட்டரை இன்னும் ஒரு பத்தடி தள்ளி மாட்ட வேண்டும்.