பப்பாளியில் தொடங்கும் பாடம்

1993 மார்ச் 10 அன்று ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில் டாக்டர் டேவிட் கன் சுட்டுக் கொல்லப்பட்டார். கருக்கலைப்பு செய்தார் என்பதே அவர் மீதான ஆத்திரத்துக்குக் காரணம். அதே ஆண்டு, இத்தகைய மருத்துவர்களைச் சுடுவதை வேடிக்கையாக்கும் துணுக்குகள் அடங்கிய சிறுநூல் ஒன்று ஆயிரக்கணக்கான அமெரிக்க மருத்துவ மாணவர்களுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. இதற்கு எதிர்வினையாக, சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜோடி ஸ்டைனவர் சக மாணவர்களோடு 'மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஃபார் சாய்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

மாணவர்களின் கவலை வெறும் அரசியல் அல்ல. கருக்கலைப்பை 1973இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் உரிமையாக்கியிருந்தது. ஆனால் 1991–92 கணக்கெடுப்பின்படி, முதல் மூன்று மாதக் கருக்கலைப்பை வழக்கமான பயிற்சியாகத் தந்த மகப்பேறு முதுநிலைப் பயிற்சித் திட்டங்கள் 12 சதவீதமே. உரிமை இருந்தது, கற்றுத்தர ஆளில்லை. மாணவர்களும் பிறரும் குரல் கொடுத்த சூழலில், 1995இல் முதுநிலை மருத்துவக் கல்வி அங்கீகாரக் குழு இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மனசாட்சி இடம் தராதவர்கள் விலகிக்கொள்ளவும் வழி வைத்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம், விதியை மீறும் நிறுவனங்களும் அரசு அங்கீகாரத்தை இழக்காதபடி சட்டம் இயற்றி அதன் பல்லைப் பிடுங்கியது.

வகுப்பில் கிடைக்காததை மாணவர்கள் தாங்களே பட்டறை நடத்தி ஏற்பாடு செய்துகொண்டார்கள். நம் வீடுகளில் கர்ப்பிணியின் கண்ணில் படாமல் ஒதுக்கும் பப்பாளிதான் இங்கே கருப்பை. பழத்தின் காம்புப் பக்கத்தைக் கருப்பை வாயாகக் கொண்டு, இடுக்கியால் பிடித்து, துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். கையால் இயக்கும் உறிஞ்சு சிரிஞ்சின் விசையை விடுவித்ததும் விதைகள் உள்ளே வந்து விழுகின்றன. எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் புத்தகத்தைவிட இது நன்றாகவே கற்றுத் தருகிறது.

ஆனால் பப்பாளிக்கு வலியில்லை, ரத்தப்போக்கில்லை, பயமில்லை. அதைவிடப் பெரிய குறை வேறு: விருப்பமுள்ளவர்கள்தான் வருகிறார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களுக்கே மீண்டும் பாடம் நடக்கிறது. அறைக்கு வெளியே நிற்கும் மாணவரும் நாளை கருச்சிதைந்து ரத்தப்போக்கோடு வரும் பெண்ணைப் பார்க்கத்தான் போகிறார். அந்த மாணவருக்கும் இதே சிரிஞ்சு, இதே கைப்பக்குவம் வேண்டும். பயிற்சியை ஓர் இயக்கத்தின் பெயரோடு கட்டிவிட்டால், கருக்கலைப்பை ஏற்காதவர் கருச்சிதைவுச் சிகிச்சையையும் கற்காமலே போகிறார். இது மாணவர்களின் நோக்கமல்ல. இருந்தும் அவர்களது முறையின் விளைவு.

கல்லூரியில் நான்கு ஆண்டுதான். துடிப்பான ஒரு குழு பட்டம் பெற்றுப் போனதும் பட்டறையும் நின்றுவிடலாம். பேராசிரியரின் பாடத்திட்டத்தில் ஏறாத எதற்கும் இந்தக் கதிதான்.

1973இன் உரிமையை உச்ச நீதிமன்றமே ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்பு 2022 ஜூனில் வந்தபோது, பயிற்சி வேரூன்றாத இந்தப் பலவீனம் அப்பட்டமாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மகப்பேறு முதுநிலை மாணவர்களில் சுமார் 44 சதவீதம் பேர், கருக்கலைப்புக்குத் தடை வரும் அல்லது வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட மாநிலங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தகைய மாநிலத்தில் இருப்போருக்கு வேறு மாநிலத்தில் பயிற்சி பெற வழிசெய்ய வேண்டும் என்று அங்கீகாரக் குழு அதே ஆண்டு விதி வகுத்தது. விதி சரியானது. ஆனால் தங்குமிடம், தற்காலிக உரிமம், காப்பீடு என்று ஒவ்வொன்றும் செலவு. மாணவர் அமைப்புகள் இனி அழுத்தம் தர வேண்டியது இங்கேதான்: அந்தச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும், கருச்சிதைவுச் சிகிச்சையை, எந்தக் கொள்கை உடையவராயினும், எல்லா மாணவருக்கும் தேர்வுக்குரிய கட்டாயப் பாடமாக்க வேண்டும்.