கால்டுவெல் ஐயரின் வாழ்வும் ஒப்பிலக்கணமும்

ஒப்பிலக்கணத்தைக் குறிக்குங்கால் 'பிஷப்பு கால்டுவெல் இயற்றிய நூல்' என எழுதுவது நம்மிடையே வழக்காயிற்று. இவ்வழக்கு பிழையன்றெனினும் ஒரு மயக்கத்திற்கு இடந்தருவது. நூலின் முதற்பதிப்பு வெளிவந்தது 1856-இல். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-இல். அவர் எட்வர்டு சார்ஜெண்டு என்பாரோடு கல்கத்தாவில் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப் பெற்றதோ 1877-இல். அதுவும் சென்னை அத்தியட்சர்க்குத் துணையாகவே. எனவே, இந்நூல் அத்தியட்சர் ஒருவரின் ஓய்வுக்காலப் படைப்பன்று. தேரிக்காட்டு ஊராகிய இடையன்குடியில் பணியாற்றிய குருவின் உழைப்பு என்பதை நாம் முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, கிளாசுகோவில் பயின்ற இவர், 1838 சனவரியில் சென்னை வந்திறங்கினார். தெலுங்கறிஞர் சி. பி. பிரௌன் கப்பலில் உடன்வந்தார் என்பது சுவையான செய்தி. இலண்டன் மிசன் சங்கத்தினின்று நீங்கி ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, 1841-இல் இடையன்குடி சேர்ந்தார். 1844-இல் நாகர்கோயில் மால்ட்டு ஐயரின் மகள் எலிசாவை மணந்தார். அவ்வூரில் அவர் எழுப்பிய கோயில் நிறைவெய்தியது 1880-இல். இவற்றை விரித்தல் ஈண்டு வேண்டா.

தென்மொழிகள் வடமொழியினின்று தோன்றியன அல்ல என்பதை 1816-இலேயே எல்லிசு துரை நிறுவினார். கால்டுவெல் இதனை அறிந்தவர், குறிப்பிட்டவருமாவர். ஆயினும் அம்முன்னோடிக்கு அவர் அளித்த இடம் மிகச் சிறிது என்றே நாம் கருதுகின்றோம். எல்லிசு வேர்களையும் சொற்களையும் தொடரமைப்பையும் ஒப்பிட்டுக் காட்டிய அளவில் நின்றார். ஒலி, வேற்றுமை, எண், மூவிடப்பெயர், வினை என இலக்கணம் முழுவதையும் ஒப்பிட்டு, திருந்திய மொழிகளோடு திருந்தாதனவாக அக்காலத்தார் எண்ணிய மொழிகளையும் ஒருங்கே ஆராய்ந்தவர் கால்டுவெல்லே. இக்குடும்பத்தைச் 'சித்திய' இனத்தோடு இணைத்த அவர் கோட்பாட்டை மொழிநூலார் கைவிட்டனர். இலக்கண ஒப்பீடு நிலைத்தது.

அவருடைய கால ஆராய்ச்சி மட்டும் நமக்கு இன்றும் இடர்ப்பாடே. எபிரேய மொழியில் மயிலைக் குறிக்கும் சொல் தமிழ்த் 'தோகை'யினின்று சென்றது எனக் காட்டி, மொழியின் தொன்மையைப் பன்னூறாண்டு முன்னே கொண்டு செல்லும் அவரே, இலக்கியத்தின் தொடக்கத்தைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வைத்தார். மொழிக்கு ஓர் அளவுகோலும் நூல்களுக்கு வேறோர் அளவுகோலும் கொண்டார் என்பதே இதன் பொருள். அவர் சார்பில் ஒன்று கூறலாம். கலித்தொகை அச்சேறியது 1887-இல், பத்துப்பாட்டு 1889-இல், புறநானூறு 1894-இல். காணாத நூல்களைக் கணக்கில் கொள்ளாமை குற்றமாகாது. ஆனால் தொல்காப்பியத்தை எஞ்சிய இலக்கணங்களுள் மூத்தது என ஏற்றவர், அத்தகைய இலக்கணம் எழ அதற்குமுன் நெடிய இலக்கிய வழக்கு இருந்திருத்தல் வேண்டும் எனத் தாமே எண்ணியும் இலக்கியத்தின் தொடக்கத்தைப் பிற்காலத்தில் வைத்தமை, ஏடுகள் கிட்டாமையால் மட்டும் நேர்ந்ததன்று.

இன்னொரு குறையையும் மறைத்தல் தகாது. 1849-இல் சாணார் குலத்தாரைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல், தம்மோடு வாழ்ந்த மக்களையே தாழ்த்திக் கூறியது. கடும் எதிர்ப்புக்குள்ளாகிப் பின்னர்ப் புழக்கத்தினின்று விலக்கப்பட்டது. 1881-இல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதிய கை இதனினும் பண்பட்டது. சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் பொறுமை அதில் உண்டு. கொற்கைப் பகுதியில் தாமே அகழ்ந்து கண்டவர் அன்றோ!

1891-இல் கோடைக்கானலில் அவர் காலமானார். அவர் மறைந்தபின் நூலுக்கு நேர்ந்ததே ஆய்வு மாணவர் கருத வேண்டுவது. 1913-இல் உவையாட்டு, இராமகிருட்டிண பிள்ளை ஆகியோர் திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பில், பறையரும் தோடரும் திராவிடரா என ஆராய்ந்த பகுதி முதலாயின நீக்கப்பட்டன. பிற்பதிப்புகள் பலவும் இக்குறைந்த பாடத்தையே பின்பற்றின. 1875-ஆம் ஆண்டுப் பதிப்பு தமிழகத்தில் மீண்டும் அச்சேறியது 2008-இல்தான். இடைப்பட்ட காலத்தில் கால்டுவெல்லின் கருத்து என எடுத்தாளப்பட்டவற்றை அப்பதிப்போடு வரிவரியாக ஒத்துநோக்கும் பணி நம் துறையினரைச் சார்ந்தது.