ஊர்தியியற் கணினிக் கல்வி: மலையகச் சூழலில் ஒரு விமர்சன நோக்கு

மலையகத்தின் வரலாற்றைப் பாதைகளின் வரலாறாகவும் எழுதலாம். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்த தொழிலாளர், 1867 இல் கண்டியையும் 1884 இல் ஹற்றனையும் எட்டிய புகையிரதம், தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கிய லொறி, லயத்து முற்றத்தில் இன்று நிற்கும் முச்சக்கர வண்டி என அவ்வரலாறு நீள்கின்றது. இவற்றிலெல்லாம் மலையகத் தமிழர் பாதை வெட்டுவோராகவும் சுமப்போராகவும் ஓட்டுவோராகவுமே பெரும்பாலும் இடம்பெற்றனர். ஊர்தியின் இயக்க நியதியை வகுப்போராக இடம்பெறும் வாய்ப்பு அவர்க்கு அரிதாகவே கிட்டியது. ஊர்தியே ஒரு கணினித் தொகுதியாக மாறிவிட்ட இக்காலத்தில், அதற்கான கல்வி மலையக மாணவனுக்கு எவ்வாறு வழங்கப்படுகின்றது, எவ்வாறு வழங்கப்படல் வேண்டும் என்பன ஆராயத்தக்கன.

இம்மாற்றம் திடீரென நிகழ்ந்ததன்று. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டுண்டு வழுக்காது காக்கும் மின்னணு அமைப்பை 1978 இல் போஷ் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. ஊர்தியின் உட்கருவிகள் தம்முட் செய்தி பரிமாறும் 'கான்' எனும் வலையமைப்பை 1986 இல் அதே நிறுவனம் அறிமுகம் செய்தது. அதன்பின் எஞ்சின், பிரேக், கதவு, விளக்கு யாவும் படிப்படியாக நிரலின் ஆட்சிக்கு உட்பட்டன. ஆயினும் கணினிக் கல்வி என்றவுடன் அலுவலக மேசையும் தட்டச்சுப் பலகையுமே நமது மனக்கண்ணில் எழுகின்றன. இக்குறுகிய நோக்கே முதலிற் களையப்பட வேண்டியது.

இதனை விளக்கப் பொல்பிட்டியவினும் பொருத்தமான இடம் வேறில்லை. கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் இடத்தை அடுத்தது அது. 75 மெகாவாற்று ஆற்றலுடன் 1969 இல் அங்கு இயங்கத் தொடங்கிய மின்னிலையம், லக்சபானவிலிருந்து இறங்கும் நீரை மின்னாக்குகின்றது. இவ்வாற்றுப் படுகையின் மின் வளத்தை முன்னுணர்ந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே அதுபற்றிக் கட்டுரை சமர்ப்பித்தார். உயரத்திலிருந்து இறங்கும் பொருள் சக்தியைத் தரும் என்பதே அத்திட்டங்களின் அடிப்படை.

மின் ஊர்தியிலும் இதே விதி தொழிற்படுகின்றது. 1,000 கிலோகிராம் திணிவுள்ள ஊர்தி 1,000 மீற்றர் உயரம் இறங்குகையில் ஏறத்தாழ 2.7 கிலோவாற்று மணிச் சக்தி விடுபடுகின்றது. சாதாரண ஊர்தியில் அது பிரேக்கின் வெப்பமாகவும் பிறவாறும் வீணாகின்றது. மின் ஊர்தியிலோ மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி அதில் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்கின்றது. ஆனால் ஹற்றனில் மின்கலத்தை முழுமையாக நிரப்பிக்கொண்டு கினிகத்தேனை வழியே இறங்கத் தொடங்கும் ஊர்தியில், மீளும் மின்னை ஏற்க இடமிராது. அந்நிலையில் மோட்டார் தாங்கும் விசை எவ்வளவு, உராய்வுப் பிரேக் தாங்கும் விசை எவ்வளவு என ஒவ்வொரு கணமும் தீர்மானிப்பது நிரலே. முன்னுள்ள இறக்கத்தை அறிந்து மின்னேற்றத்தை முன்னரே மட்டுப்படுத்தும் நிரலையும் எழுதலாம். அதற்குப் பௌதிகம், கணிதம், கட்டுப்பாட்டியல், கணினியியல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும்.

நமது பாடத்திட்டத்தின் குறை இங்கேதான் புலப்படுகின்றது. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் நிரலாக்கமும் வலையமைப்பும் உண்டு. 2013 இல் ஆரம்பிக்கப்பட்ட தொழினுட்பப் பிரிவில் பொறிகளும் மின்னியலும் உண்டு. ஆயின் இவை ஒன்றையொன்று அறியாத இரு வீடுகளாக உள்ளன. மாணவன் நிரலாக்கத்தின் வரைவிலக்கணத்தை மனனம் செய்கின்றான். அந்நிரல் ஒரு சக்கரத்தை நிறுத்துவதைக் காண்பதில்லை. விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறையால் நெடுங்காலம் வருந்திவரும் மலையகப் பாடசாலைகளில் இவ்விடைவெளி மேலும் விரிகின்றது.

இவ்விடத்து இரு மறுப்புகள் எழக்கூடும். சம்பளமும் காணியும் வீடும் தீராதிருக்க இக்கல்வி ஓர் ஆடம்பரம் என்பது முதலாவது. அப்போராட்டங்களின் முதன்மை மறுக்கற்பாலதன்று. எனினும் தோட்டத்தை விட்டு வெளியேறும் இளைஞருட் பலர் வாகனச் சாரதிகளாகவும் திருத்துநராகவும் ஏற்கெனவே இத்துறையில் உள்ளனர். கலப்பின ஊர்தியின் கோளாற்றைச் செவியால் மட்டும் அறிய முடியாது. அதனைக் கணினி மூலம் வாசிக்கத் தெரியாத திருத்துநன் தன் தொழிலை இழப்பான். முச்சக்கர வண்டிக்காரனின் சவாரியையும் கூலியையும் நகரங்களில் இன்று கைத்தொலைபேசிச் செயலி பகிர்ந்தளிக்கின்றது. அப்பங்கீட்டின் நியதியை அறியாதவன் அதனை எதிர்த்து வாதாடவும் இயலாது. ஆகவே இக்கல்வி உரிமைப் போராட்டத்துக்குப் புறம்பானதன்று.

இலங்கையிற் பெரும் மோட்டார்க் கைத்தொழில் இல்லையே என்பது இரண்டாவது மறுப்பு. நிரல் எழுதுவோர் தொழிற்சாலை வாயிலில் வாழ வேண்டியதில்லை என்பது உண்மை. ஆயினும் அவ்விடையுடன் மனநிறைவு அடைதல் தகாது. பிறர் வகுத்த திட்டத்துக்குக் குறைந்த ஊதியத்தில் வரிவரியாக நிரல் எழுதிக் கொடுப்பது மட்டுமே இலக்காயின், அது பழைய கூலி முறையின் புதிய வடிவமாகவே முடியும். எந்தப் பிரச்சினையைத் தீர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றலையும் கல்வி வழங்க வேண்டும்.

அத்தகைய பிரச்சினைகள் மலையகத்தில் நிறைய உள. வீதிக் கோடுகளைப் பார்த்து வழியறியும் கமெரா, கோடே இல்லாத தோட்டப் பாதையில் என் செய்யும்? மூடுபனியில், கொழுந்துச் சுமையுடன் ஓரத்தில் நடந்துவரும் பெண்ணை அது மனித உருவாக இனங்காணுமா? அவ்வுருவத்தைப் பயிற்சித் தரவுகளிற் சேர்ப்பவர் யார்? இவ்வினாக்களை எழுப்பும் தகுதி அப்பாதையில் நடந்தவர்க்கே மிகுதி.

தொழினுட்பத்தை ஐயமின்றிப் போற்றுவதும் பிழையே. பரிசோதனையின்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் நிரல் வொக்ஸ்வாகன் ஊர்திகளிற் புகுத்தப்பட்டிருந்தமை 2015 இல் அம்பலமாயிற்று. நிரலும் பொய்யுரைக்கும், அதனை எழுதுவோரின் அறமே இறுதியிற் சோதிக்கப்படுகின்றது. எனவே இக்கல்வியில் சமூகப் பொறுப்பும் ஓர் அங்கமாதல் வேண்டும்.

பெரும் ஆய்வுகூடத்துக்குக் காத்திராது பாடசாலைகள் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு சிறு மோட்டார், ஒரு மின்கலம், ஒரு சரிவுப் பலகை, மலிவான ஒரு நுண்கட்டுப்படுத்தி ஆகியவற்றைக் கொண்டு இறக்கத்தில் மின் மீட்கும் பரிசோதனையை நிகழ்த்தலாம். தகவல் தொழினுட்ப ஆசிரியரும் பௌதிக ஆசிரியரும் அம்மேசையில் ஒன்றாக நிற்பார்களாயின், பாடத்திட்டம் பிரித்து வைத்ததை வகுப்பறை இணைக்கத் தொடங்கும். அதற்குத் தமிழ் வழிச் செய்முறைக் கைந்நூல்களை ஆக்கித் தருவது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தம் கைக்கெட்டிய பணியாகும்.