லி யோங்போவின் பதக்கக் கணக்கு

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பாட்மிண்டனுக்கு இருந்தவை ஐந்து தங்கம். ஐந்தையும் சீனாவே அள்ளிக்கொண்டு போனது. அதே ஒலிம்பிக்கில்தான், உலகின் முதல்நிலை மகளிர் இரட்டையர் ஜோடியாக இருந்த சீன வீராங்கனைகள், வேண்டுமென்றே தோற்றதற்காக வெளியேற்றப்பட்டனர். இரண்டும் நடந்தபோது அணியின் தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போ. அவருடைய பயிற்சிக் காலத்தை எடைபோட, இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

லியாவோனிங் மாகாணத்தின் தாலியன் நகரில் 1962இல் பிறந்த லி, ஆடிய காலத்தில் இரட்டையர் நிபுணர். தியான் பிங்யியோடு ஜோடி சேர்ந்து 1987, 1989 உலக சாம்பியன் பட்டங்களை வென்றார். ஆல் இங்கிலாந்து பட்டம் மூன்று முறை கிடைத்தது. ஆடவர் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை 1986, 1988, 1990இல் வென்ற சீன அணியிலும் இருந்தார். எட்டாமல் போனது ஒலிம்பிக் தங்கம்தான். பாட்மிண்டன் பதக்க ஆட்டமாக அறிமுகமான 1992 பார்சிலோனாவில் இந்த ஜோடிக்கு வெண்கலமே கிடைத்தது. மொத்த அணிக்கும் ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம். தங்கங்களை இந்தோனேசியாவும் தென்கொரியாவும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டன.

அடுத்த ஆண்டே அணியின் பொறுப்பு லியிடம் வந்தது. 1995இல் லௌசானில் சீனாவுக்கு, கலப்பு அணிகளுக்கான சுதிர்மான் கோப்பை முதன்முறையாகக் கிடைத்தது. மறு ஆண்டு அட்லாண்டாவில் கே ஃபெய் - கு ஜுன் ஜோடி மூலம் முதல் ஒலிம்பிக் தங்கம். தாமஸ் கோப்பைதான் நெடுங்காலம் இழுத்தடித்தது. 2004இல் அதை மீட்டபின் 2012 வரை தொடர்ந்து ஐந்து முறை விட்டுக்கொடுக்கவில்லை. 2017இல் அவர் விலகியபோது கணக்கில் பத்து சுதிர்மான் கோப்பைகள், 18 ஒலிம்பிக் தங்கங்கள்.

இதைச் சீனாவின் ஆள்பலம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் லின் டான் முதல் சுற்றிலேயே சிங்கப்பூரின் ரொனால்ட் சுசிலோவிடம் தோற்றார். அதற்காக அவரை ஓரங்கட்டவில்லை. நான்கு ஆண்டு கழித்துப் பெய்ஜிங் இறுதியில் மலேசியாவின் லீ சோங் வெய்யை 21-12, 21-8 என்று ஊதித் தள்ளினார். மகளிர் ஒற்றையரில் ஜாங் நிங் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது 29 வயதில், இரண்டாவதை 33 வயதில். பொறுமை இல்லாத அணியில் இப்படிப்பட்ட வரலாறுகள் எழுதப்படுவதில்லை. ஆழம் எவ்வளவு என்பதை நம் சாய்னா நேவாலைக் கேட்டால் தெரியும். லண்டன் அரையிறுதியில் அவரை வீழ்த்தியவர் வாங் யிஹான். வெண்கல ஆட்டத்தில் எதிரே நின்றவர் வாங் சின். தங்கம் வென்றவர் லி சூரெய். கடைசி நால்வரில் மூவர் சீனர்கள்.

சிக்கல் தொடங்கியது இந்த மிகுதியில்தான். ஓர் அரையிறுதியில் இரண்டு சீனர்கள் மோதினால், யார் வென்றாலும் நாட்டுக்கு ஒரு பதக்கம் உறுதி. இறுதியில் காத்திருக்கும் எதிராளியை வெல்ல இருவரில் யார் தோது என்பதே பயிற்சியாளரின் கேள்வி ஆகிவிட்டது. 2004 ஏதென்ஸ் அரையிறுதியில் ஜாங் நிங் முதல் ஆட்டத்தை வென்றதும், ஜோ மியை மேலும் மல்லுக்கட்ட வேண்டாம் என்று சொன்னதாக 2008இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் லியே ஒப்புக்கொண்டார். இறுதியில் ஜாங் நிங் நெதர்லாந்தின் மியா ஆடினாவை வென்றதால் முடிவு சரிதான் என்பது அவர் வாதம். 2000 சிட்னி அரையிறுதியில் கோங் ஜிச்சாவோவிடம் தோற்கும்படி தனக்கு உத்தரவு வந்ததாக யே ஜாவோயிங் 2022இல் டென்மார்க் தொலைக்காட்சியில் கூறினார்.

லண்டனில் கணக்கு அம்பலத்துக்கு வந்தது. ஜூலை 31 காலையில் சீனாவின் இன்னொரு ஜோடியான தியான் சிங் - ஜாவோ யுன்லெய் எதிர்பாராமல் டென்மார்க்கிடம் தோற்றுப் பிரிவில் இரண்டாமிடம் போனது. அன்று மாலை வாங் சியாவோலி - யூ யாங் தம் பிரிவில் முதலிடம் பிடித்தால், சகநாட்டு ஜோடியை இறுதிக்கு முன்பே சந்திக்க நேரும். வெம்ப்ளி அரங்கில் சர்வீஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெட்டில் போய் விழுந்தன. எதிரே நின்ற கொரிய ஜோடிக்கும் ஜெயிக்க மனமில்லை. மிக நீண்ட ராலியே நான்கு அடிகள்தான். ரெஃப்ரி உள்ளே வந்து எச்சரித்தும் மாற்றமில்லை, ரசிகர்கள் கூச்சலிட்டனர். கொரியா 21-14, 21-11 என்று 'வென்றது'. மறுநாள், இதேபோல் நடந்த இன்னோர் ஆட்டத்தின் ஜோடிகளும் உட்பட, சீனா, கொரியா, இந்தோனேசியாவைச் சேர்ந்த நான்கு ஜோடிகள் நீக்கப்பட்டன. தலைமைப் பயிற்சியாளராக லி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அறத்தை ஒதுக்கிவிட்டு வெறும் லாபநட்டமாகப் பார்த்தாலும் இந்த ஆட்டம் தேறாது. இரண்டு சீன ஜோடிகளும் அரையிறுதியில் மோதியிருந்தால், ஒன்று இறுதிக்குப் போயிருக்கும், மற்றது வெண்கலத்துக்கு ஆடியிருக்கும். அவ்வளவு கூத்தும் அந்த வெண்கலத்தை வெள்ளியாக்க. கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை. தங்கத்தை வென்றது யார்? காலையில் தோற்ற அதே தியான் சிங் - ஜாவோ யுன்லெய். வளைத்து நெளிக்காமலே வந்திருக்கக்கூடிய தங்கம் அது.

லண்டன் முடிந்தபின் உலக பாட்மிண்டன் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது. பிரிவுகளில் இரண்டாமிடம் பிடிக்கும் ஜோடிகளுக்கு இனி புதிதாகக் குலுக்கல். நீக்கப்பட்ட வாங் - யூ ஜோடி 2013இல் குவாங்சோவில் உலக சாம்பியன் ஆனது. அதே லண்டனில் சாய் யுன் - ஃபூ ஹைஃபெங், லி ஆடி எட்டாத ஆடவர் இரட்டையர் தங்கத்தை முதன்முறையாகச் சீனாவுக்கு வாங்கித் தந்தார்கள். அது யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், டென்மார்க் ஜோடியை நேர் செட்களில் வென்று பெற்ற தங்கம்.

லியின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. உலகிலேயே ஆழமான அணியை உருவாக்கியவர், தான் வளர்த்தவர்களை முழுதாக நம்பவில்லை. ஏதென்ஸில் ஜோ மி இறுதிக்குப் போயிருந்தாலும் வென்றிருக்கலாம்; அவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. 18 தங்கங்களில் பெரும்பகுதி லியின் உழைப்புக்குக் கிடைத்த கூலி என்பதில் சந்தேகமில்லை. அவற்றில் சிலவற்றின்மேல் கேள்விக்குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதை ஒட்டவைத்தவரும் அவரேதான்.